மஞ்சள், புளி, தோசைக்கல்: நம் வீட்டுச் சமையல் மேடைக்கு ஏற்ற கல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சமையல் மேடைக்குக் கல் பார்க்கக் கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால், ஒரு வாரம் உங்கள் வீட்டுச் சமையலறையில் என்னென்ன நடக்கின்றன என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை நாள் மசாலா அரைபடுகிறது, மீனும் நண்டும் எங்கே கழுவப்படுகின்றன, தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கினால் எந்த இடத்தில் வைக்கிறீர்கள், கிரைண்டர் எப்போதும் மேடைமேலேயே இருக்கிறதா அல்லது மாவரைக்கும் நாளில் மட்டும் தூக்கி வைக்கப்படுகிறதா, தீபாவளி முறுக்கு வீட்டுக்குள்ளே சுடப்படுகிறதா பின்கட்டிலா என்பவைதாம் மேடையின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்விகள். கடைக்காரர் இவற்றைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அவருடைய முதல் கேள்வி "என்ன நிறம் வேண்டும்?" என்பதாகவே இருக்கும். இந்தக் கட்டுரையில் நிறம் பின்னால்தான் வரும், அதுவும் சுருக்கமாகத்தான் வரும்.

நான் மேடை என்று குறிப்பிடுவதைக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள கேபினட் கடைகளில் 'டேபிள் டாப்' என்கிறார்கள். குசினி என்ற சொல்லோடு வளர்ந்த தலைமுறையினரின் வீடுகளில் அது பெரும்பாலும் சிமெண்டு பூசி ஓடு பதித்த திட்டாக இருந்தது. இன்று வரிசை வீடுகளில் பலர் பின்புறத்தில் கூரையை இறக்கி 'வெட் கிச்சன்' ஒன்றைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைத் தேநீர் கலக்கவும் ரொட்டி வாட்டவும் 'டிரை கிச்சன்' என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் அவ்வாறு இரண்டு சமையலறைகள் இருந்தால், நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளும் இரண்டு. ஒரே கல்லை இரண்டு இடத்திலும் போட்டால் விலை குறையும் என்று சொல்லப்படுவதை நம்பி, உள்ளே மட்டும் இருக்க வேண்டிய பொருளை வெயிலும் எண்ணெய்ப்புகையும் படும் இடத்தில் போட்டுவிட்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் சமையலில் மேடையைக் கெடுப்பவை நான்கு. முதலாவது மஞ்சள். அதன் நிறப்பொருளான குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே குழம்பு சிந்தினால் எண்ணெயோடு சேர்ந்து கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். இரண்டாவது புளிப்பு: புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. மூன்றாவது சூடு. முறுக்கு எண்ணெய் 180 பாகை செல்சியஸ் அளவுக்குக் காயும். தோசைக்கல் 200 பாகையைத் தாண்டும். நான்காவது எடையும் அடியும்: கிரைண்டர், இடிகல், எலும்போடு வெட்டப்படும் ஆட்டிறைச்சி. வெளிநாட்டு விளம்பரப் படங்களில் மேடைமேல் ஒரு கிண்ணம் ஆப்பிளும் ஒரு பூச்சாடியும் மட்டும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மேடைக்குப் பொருந்தும் கல் நமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

பத்துமலைக் கல்லும் கொடிமலைக் கல்லும்

பளிங்கையும் கருங்கல்லையும் வேறுபடுத்திப் புரிந்துகொள்ள நம் நாட்டுத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு மலைகளே போதும். பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அங்குள்ள குகைகளை உண்டாக்கியது நீர்தான். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளி மழைநீரில் கரைந்து மிக மெல்லிய அமிலமாகி, எண்ணற்ற ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து அந்தப் பெரிய வெற்றிடங்களைக் குடைந்திருக்கிறது. பளிங்கு என்பது அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக் கல்லே அன்றி வேறில்லை. மழைநீருக்கே இளகும் பொருள்மீது எலுமிச்சைச் சாறு விழுந்தால் சில நிமிடங்களிலேயே பளபளப்புப் போய், மங்கலான ஒரு தடம் விழுந்துவிடும். அது கறை அன்று, அரிப்பு; ஆகவே எந்தச் சோப்பாலும் போகாது, மறுபடியும் மெருகேற்றினால்தான் போகும். நுண்துளைகளை அடைப்பதற்காக மேலே பூசப்படும் 'சீலர்' என்ற பூச்சு, எண்ணெய் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, இந்த அரிப்பைத் தடுக்காது. பேராக்கில் வெட்டியெடுக்கப்படும் ஈப்போ பளிங்கு தரைக்கும் சுவருக்கும் அழகாகவே இருக்கிறது. ரசமும் மீன்குழம்பும் வைக்கும் வீட்டில், மேடைக்குப் பளிங்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பினாங்குத் தீவின் கொடிமலையோ கருங்கல் மலை. கிரானைட் என்று நாம் கடையில் கேட்பது அந்த இனத்தைச் சேர்ந்த தீப்பாறைதான். அதில் உள்ள குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கத்தியின் எஃகைவிடக் கடினமானவை. புளியும் வினிகரும் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. சூடான சட்டியைத் தாங்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் தலைமுறை தலைமுறையாக மிளகாயையும் புளியையும் தாங்கி நின்றதற்கும் இந்தக் கடினமே காரணம். கிரானைட்டின் குறை அதன் நுண்துளைகள். வெளிர்நிறக் கிரானைட் சிலவற்றில் எண்ணெய் இறங்கி அடுப்பைச் சுற்றிக் கருமையான வட்டம் படியும். அடர்த்தியான கறுப்புக் கல்லில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நம் கடைகளில் பொன்னிறப் புள்ளிகளோடு விற்கப்படும் 'பிளாக் கேலக்ஸி' ஆந்திரத்தின் சீமகுர்த்திப் பகுதியில் வெட்டப்படுவது. பாறையியலாளர் கணக்கில் அது கிரானைட்டே இல்லை, கேப்ரோ என்ற வேறொரு தீப்பாறை. ஆனால் சமையலறைக்கு அந்தப் பெயர் வேறுபாட்டால் நட்டம் ஒன்றும் இல்லை.

கறுப்புக் கல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. சாம்பல்நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக விற்பது கல் வணிகத்தில் நடப்பதுதான். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை ஒரு வெள்ளைத் துணியில் நனைத்து, மாதிரித் துண்டின் மேற்பரப்பில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். கிரானைட் இயற்கைக் கல் என்பதால் உள்ளங்கை அளவுத் துண்டைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. கல் கிடங்குக்கே சென்று முழுப் பலகையையும் நிமிர்த்தி வைக்கச் சொல்லிப் பார்த்து, பிடித்த பலகையின் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வருவது நல்லது. கோடுபோல் ஏதாவது தெரிந்தால் அதன் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது விரிசலாக இருக்கக்கூடும். தடுக்காமல் வழுக்கிச் சென்றால் பெரும்பாலும் கல்லின் இயல்பான ரேகை.

குவார்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக

இன்று புதுவீடு எடுப்பவர்களில் பலர் கேட்பது 'குவார்ட்ஸ்' எனப்படும் செயற்கைக் கல்லை. அரைத்த குவார்ட்ஸ் துகள்களை எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கும் மேலாகச் சேர்த்து, மீதிக்குப் பாலியெஸ்டர் ரெசினும் நிறமிகளும் கலந்து, அழுத்தி உறையவைத்துப் பலகையாக்குகிறார்கள். நுண்துளைகள் மிகக் குறைவு என்பதால் சீலர் பூச வேண்டியதில்லை. புளியும் எலுமிச்சையும் அதைப் பாதிப்பதில்லை. மாதிரியில் பார்த்த நிறமே வீட்டுக்கும் வரும். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த எஞ்சிய பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும் ரெசினில்தான் நம்மவர்களுக்கான சிக்கல் இருக்கிறது.

ரெசின் ஒருவகை நெகிழி. சுமார் 150 பாகையைத் தாண்டிய சூடு நேரடியாகப் பட்டால் அது பழுப்பேறும். சில சமயம் பலகையே வெடித்து விரியும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை ஒரு நிமிடம் வைத்தாலும் தடம் விழலாம், அந்தத் தடத்தை நீக்கும் வழி இல்லை. கடைக்காரர் 'சூடு தாங்கும்' என்று சொன்னால், எத்தனை பாகை, எத்தனை நேரம், அது உத்தரவாதத் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். குவார்ட்ஸ் போட்ட வீட்டில் பிரிமணை இல்லாமல் சமைக்கக் கூடாது; பாட்டி வைக்கோலில் முறுக்கித் தந்த பிரிமணைக்கு நெகிழியுகத்தில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ரெசின் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகும். பின்கட்டில் ஒளிபுகும் தகடு வேய்ந்து, பாதி திறந்த நிலையில் கட்டப்படும் வெட் கிச்சனில் வெள்ளைக் குவார்ட்ஸைப் போடுவது இதனால்தான் தவறு. வெயில் விழும் பகுதி ஒரு நிறமாகவும் கேபினட் நிழல் விழும் பகுதி வேறொரு நிறமாகவும் மாறியபின், கறையென்று எண்ணித் தேய்த்துக்கொண்டே இருப்போம். கறை போக்குவதற்காகக் குளோரின் வெளுப்பானையோ அடைப்பு நீக்கும் காரத்தையோ ஊற்றினால் ரெசின் இன்னும் மங்கும். மஞ்சள் கறைக்கு அவை தேவையும் இல்லை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். குர்குமின் வெளிச்சத்தில் சிதையக்கூடியது என்பதால் மீதி பல நேரங்களில் நாளடைவில் மங்கிவிடும்.

ஆக, என் கணிப்பு இது: உள்ளே இருக்கும் டிரை கிச்சனுக்கும், தினமும் ஒரு வேளை மட்டும் அளவாகச் சமைக்கும் இளந்தம்பதியரின் அடுக்குமாடி வீட்டுக்கும் குவார்ட்ஸ் பொருத்தமானது. கூட்டுக்குடும்பமாகப் பெரிய சட்டிகளில் சமைக்கும் வீட்டுக்கும் வெளிச்சமையலறைக்கும் கறுப்புக் கிரானைட்டே மேல்.

மற்றவை

அண்மைக்காலத்தில் வந்திருக்கும் 'சின்டர்ட் ஸ்டோன்' என்பது கனிமப் பொடிகளைப் பேரழுத்தத்தில் அழுத்தி, 1,200 பாகை அளவில் சுட்டுச் செய்யப்படும் பலகை. ரெசின் இல்லாததால் சூட்டுக்கும் வெயிலுக்கும் அஞ்சாது, மஞ்சளும் இறங்காது. ஆனால் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமனில் வருவதால் விளிம்பில் இரும்புச் சட்டி மோதினால் சில்லுத் தெறிக்கும். பல வகைகளில் கோலம் மேற்பரப்பில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும் ஆகையால், தெறித்த இடத்தில் உள்ளுடல் வேறு நிறமாகப் பல்லிளிக்கும். இதை வெட்டுவதற்குத் தேர்ச்சி வேண்டும். பணம் இருந்து, இந்தப் பலகையில் பழகிய ஆட்களும் கிடைத்தால் வெளிச்சமையலறைக்குக்கூட இது சிறந்ததே.

'சாலிட் சர்ஃபேஸ்' என்பது அக்ரிலிக் ரெசினும் அலுமினியக் கனிமமும் சேர்ந்தது. 1967-இல் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய கோரியன் இதன் முன்னோடி. இணைப்புத் தெரியாமல் ஒட்டலாம், சிங்க்கையும் மேடையோடு ஒரே உடலாகச் செய்யலாம், கீறல் விழுந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சரிசெய்யலாம். சூட்டில் இது குவார்ட்ஸைவிட மென்மையானது. நாள்தோறும் தாளிப்பவர்கள் அடுப்புப் பக்கத்தில் இதைப் போடாதிருப்பதே நல்லது.

எவர்சில்வர் மேடை மாமாக் கடைகளிலும் கோப்பிக் கடைகளிலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. சூடு, கறை, புளி மூன்றும் அதனிடம் தோற்கும். வீட்டில் போடுவோர் 304 தரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று பலர் சோதித்துக் காட்டுவார்கள். மலிவான 201 தரத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. உப்பும் பெலாச்சானும் ஈரத்தோடு இரவு முழுவதும் கிடந்தால் எஃகிலும் புள்ளிப்புள்ளியாகத் துரு விழும். கடற்காற்று அடிக்கும் பினாங்குக் கரையோர வீடுகளில் இதை அடிக்கடி கழுவித் துடைக்க வேண்டியிருக்கும்.

கான்கிரீட் திட்டின்மேல் ஓடு பதிப்பது பழைய முறை என்று ஒதுக்கப்படுகிறது. கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, எத்தனை கிரைண்டர் வைத்தாலும் அசையாது. குறை எல்லாம் ஓடுகளுக்கிடையே உள்ள சந்துகளில்தான், அவை முதல் மாதமே மஞ்சளாகும். கான்கிரீட் திட்டைக் கட்டி, ஓட்டுக்குப் பதிலாக அதன்மேல் கிரானைட் பலகையைப் படுக்கவைப்பது பின்கட்டுச் சமையலறைக்கு நான் அறிந்தவற்றுள் மிக நீடித்த ஏற்பாடு.

ஃபார்மைகா போன்ற லேமினேட் தகடு 1912-இல் மின்கருவிகளில் மைகாவுக்குப் பதிலாகப் பயன்படுத்தவென்று கண்டுபிடிக்கப்பட்டது. 'மைகாவுக்கு மாற்று' என்ற பொருளில்தான் அந்தப் பெயரும் வந்தது. அடியில் இருக்கும் சிப்போர்டு சிங்க் ஓரத்தில் நீர் குடித்து ஊதும் என்பதால் வாடகை வீட்டுக்கு மட்டும் போதும். மரப்பலகை நம் ஈரக் காற்றுக்கு ஒத்துவராது.

துண்டை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

எந்தப் பொருளை நினைத்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். குழம்பில் ஊற்றும் அதே எண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து ஓரிடத்திலும், கெட்டியான புளிக்கரைசலை இன்னோரிடத்திலும், பாதி எலுமிச்சையை வெட்டுப்பக்கம் கீழாக மூன்றாவது இடத்திலும் வைத்து இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடைத்து, துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத அரிப்பு சாய்த்துப் பார்க்கையில் தெரியும். அடுத்துத் துண்டின்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சொட்டுக்குக் கீழே கல் கருமையடைந்தால் அது நீரை உறிஞ்சுகிறது, சீலர் தேவை. மணிமணியாக அப்படியே நின்றால் தேவையில்லை. உறிஞ்சாத கல்லில் சீலர் பூசினால் மேலே புகைபோல் ஒரு படலம்தான் மிஞ்சும். கடைசியாக, தோசை சுட்டு முடித்ததும் சூடான தோசைக்கல்லை மாதிரித் துண்டின்மேல் நேராக வைத்துவிடுங்கள். துண்டு கெட்டால் ஒரு துண்டோடு போயிற்று.

இந்தச் சோதனையின்போதுதான் நிறமும் முடிவாகும். கடையின் வெள்ளொளி விளக்கில் அல்லாமல், உங்கள் சமையலறையின் இரவு விளக்கில் துண்டை வைத்துப் பாருங்கள். தூய கறுப்பில் நீர்த்துளித் தடமும் மாவும் தெரியும்; தூய வெள்ளையில் மஞ்சள் தெரியும்; புள்ளிகள் கலந்த நடுநிறத்தில் இரண்டும் மறையும். மெருகேற்றாத சொரசொரப்பு மேற்பரப்பு இப்போது நாகரிகமாகக் கருதப்படுகிறது, ஆனால் அதில் எண்ணெய் எளிதில் ஒட்டும்.

உயரம், எடை, இணைப்பு

கல்லைத் தேர்ந்தெடுத்தபின், வழக்கமாக மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது உயரம். கேபினட்காரர்கள் பெரும்பாலும் 85 முதல் 90 சென்டிமீட்டர் என்று பொதுவாகச் செய்துவிடுவார்கள். அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கும் மேடைக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு முழங்கை ஏறத்தாழ 96 சென்டிமீட்டரில் வரும், ஆகவே அவருக்கு 81 முதல் 86 வரைதான் வசதி. 90 வைத்தால் தோள் வலிக்கும். அந்தக் கணக்கில் கல்லின் தடிமனையும் சேர்க்க வேண்டும். கிரைண்டரும் இட்லிப் பானையும் தாமே உயரமானவை என்பதால், இடமிருப்பவர்கள் அவற்றுக்கென்று ஒரு முனையில் ஓரடி தாழ்ந்த மேடை ஒன்றைப் போட்டுக்கொண்டால், மாவை வழிக்கும்போது ஏணி தேட வேண்டியிராது.

எடையைக் கணக்கிடுவது எளிது. 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. மூன்று மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மேடை ஏறக்குறைய 97 கிலோ, அதன்மேல் கிரைண்டரும் அரிசி டப்பாவும் தனி. சிப்போர்டு கேபினட் ஏற்கெனவே சிங்க் அடியில் ஊதியிருந்தால் அதன்மேல் புதுக் கல்லை ஏற்றக் கூடாது. அலுமினியக் கேபினட் கரையானுக்கும் ஈரத்துக்கும் நல்லது, ஆனால் கல்லின் நீளவாட்டில் தாங்குசட்டம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கேபினட் பொருத்தி மட்டம் பார்த்தபின்பே கல்லுக்கு அளவெடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வெட்டிய கல் சுவரில் சரியாக உட்காருவது அரிது. அளவெடுக்கும் நாளில் சிங்க்கும் அடுப்பும் வீட்டில் இருக்கட்டும், ஏனென்றால் அடுப்புக்கான துளை ஒவ்வொரு மாதிரிக்கும் மாறும். துளையின் மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், விரிசல் பெரும்பாலும் கூர்மூலையிலிருந்தே கிளம்புகிறது.

இணைப்பைப் பற்றி நான் கற்றது பட்டுத்தான். கோலாலம்பூரில் பன்னிரண்டாவது மாடியில் நாங்கள் எடுத்த வீட்டுக்கு மூன்று மீட்டர் மேடை ஒரே பலகையாக வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கல் வந்த நாளில் சரக்கு லிஃப்டில் அது ஏறவில்லை. வந்த ஆட்கள் என்னைக் கேட்காமலே வாகன நிறுத்துமிடத்தில் வைத்து, தண்ணீர்கூட விடாமல், பலகையை இரண்டாக அறுத்துவிட்டார்கள். இணைப்பு சரியாகச் சிங்க்கின் நடுவில் வந்து விழுந்தது. ஈரமும் சோப்பும் படும் இடத்தில் இருந்த அந்தக் கோடு ஆறே மாதத்தில் கறுத்துப்போயிற்று. அன்று நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், முன்கூட்டியே லிஃப்டின் உள்ளளவை மூலைக்கு மூலை எடுத்துக் கொடுத்து, இணைப்பு எங்கே வரும் என்பதைப் படத்தில் குறித்துக் கையொப்பம் வாங்கியிருப்பதுதான். சிங்க்கும் அடுப்பும் இல்லாத நடுப்பகுதியே இணைப்புக்கு உரிய இடம். குவார்ட்ஸ் ஆனால், இரு பலகைகளும் ஒரே தொகுதி எண்ணைச் சேர்ந்தவையா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் அக்கா தங்கைபோல் இருக்கும், இரட்டையர்போல் இரா.

சிங்க்கை மேடைக்கு அடியில் பொருத்துவது கல் மேடைக்கு வசதி, தண்ணீரையும் கழிவையும் நேராக உள்ளே வழித்துத் தள்ளலாம். முன்விளிம்பு கேபினட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீண்டு, அதன் அடியில் ஒரு மெல்லிய காடி வெட்டப்பட்டிருந்தால், வழியும் நீர் கேபினட் கதவில் இறங்காமல் காடியில் நின்று கீழே சொட்டிவிடும். சிறிய வேலைதான், கேட்டால் மட்டும் செய்வார்கள்.

விலையும் தாளும்

நம் நாட்டில் டேபிள் டாப்பின் விலை 'ஃபுட் ரன்' கணக்கில், அதாவது ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள மேடையின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் இவ்வளவு வெள்ளி என்று சொல்லப்படுகிறது. 'எல்' வடிவ மேடையில் மூலையை இரண்டு பக்கமும் சேர்த்து இருமுறை அளக்கிறார்களா, ஒருமுறையா என்று முதலிலேயே கேளுங்கள். சிங்க் துளை, அடுப்புத் துளை, விளிம்பு மெருகு, சுவரோரப் பட்டை, பழைய மேடையை உடைத்து அகற்றுதல், மாடிக்குத் தூக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கட்டணமாக முளைக்கக்கூடும். அடி விலை குறைவாகத் தெரியும் குத்தகையாளரின் மொத்தத் தொகை கடைசியில் அடுத்தவரைத் தாண்டுவது இப்படித்தான். மூன்று பேரிடம் விலை கேட்டு, மூவரிடமும் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளில் கல்லின் பெயர், நிற எண், தடிமன், இணைப்பின் இடம், உத்தரவாதக் காலம் எல்லாம் இருக்க வேண்டும். தடிமனை விளிம்பில் பார்த்து ஏமாறாதீர்கள்: 15 மில்லிமீட்டர் பலகையின் விளிம்பில் இன்னொரு பட்டையை ஒட்டி 40 போலக் காட்டுவது வழக்கம், அது குற்றம் அன்று, ஆனால் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கடைசித் தவணையை வேலை முடிந்து, மட்டம் பார்த்து, சிங்க்கை நிரப்பி ஒழுக்கு இல்லை என்று கண்டபின்பே கொடுங்கள். சிக்கல் வந்து பேச்சில் தீராவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, மூன்று ஆண்டுகளுக்குள், 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பதிவுசெய்யலாம். அங்கே பேசப்போவது நீங்கள் கையொப்பம் வாங்கி வைத்த அந்தத் தாள்தான்.

இன்னொன்றையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்: வெட்டும் வேலை பட்டறையில், தண்ணீர் விட்டு நடக்க வேண்டும். குவார்ட்ஸ் பலகையை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்ற குணமாகாத நோயை உண்டாக்குகிறது. கல் அறுக்கும் தொழிலாளர்கள் இந்நோய்க்கு ஆளானதால் ஆஸ்திரேலியா 1 ஜூலை 2024 முதல் இத்தகைய செயற்கைக் கல் பலகைகளைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. பொருத்தி முடிந்த மேடையால் சமைப்பவருக்குத் தீங்கில்லை. தீங்கு அறுப்பவருக்கும், அவர் உங்கள் வீட்டு முன்றிலில் அறுத்தால் அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும்தான்.

மேடை பொருத்தியபின் சிலிக்கன் பசை இறுகுவதற்கு ஒரு முழுநாள் தண்ணீர் படாமல் விடுங்கள். கிரானைட்டுக்குச் சீலர் தேவைப்பட்டிருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அடுப்பருகே அதே நீர்ச்சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்து, கல் கருத்தால் மட்டும் மறுபூச்சுப் போடுங்கள். அன்றாடத் துடைப்புக்குப் பாத்திரச் சோப்பு கலந்த நீர் போதும். கழிவறை கழுவும் அமிலத்தையும் துரு நீக்கும் திரவத்தையும் மேடைப்பக்கம் கொண்டுவராதீர்கள். துரு நீக்கிகள் சிலவற்றில் உள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கருங்கல்லையே அரிக்கும்.

வேலையாட்கள் கிளம்புவதற்கு முன், சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விலை கொடுத்த கல்லின் ஒரு பகுதி அது. கிரானைட் என்றால் அதன் ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லி, சப்பாத்தி திரட்ட வைத்துக்கொள்ளலாம்.